அந்த ஆள் இப்ப எங்கே வேலை பாக்கறான்?

நான் எந்தக் கதையைச் சொன்னாலும் கடைசியில் எதிர்வீட்டு அங்கிளிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். "சரிங்கம்மா, அந்த ஆள் இப்ப எங்கே வேலை பாக்கறான்?"

கதை எதுவாகவும் இருக்கலாம். ரேஷன் கடையில் எடை குறைத்துப் போட்டு மாட்டிக்கொண்டவன், பொய் ரெஸ்யூமே கொடுத்து எங்கள் ஆபீசில் அகப்பட்ட மேனேஜர், மெட்ராஸில் என் தோழியை ஏமாற்றிய டிராவல் ஏஜெண்ட். மற்றவர்கள் "ஐயையோ" என்பார்கள், "அப்புறம்?" என்பார்கள். அவர் இரண்டும் சொல்லமாட்டார். வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள் என்று நான் முடிக்கிற இடத்தில்தான் அவருக்குக் கதையே ஆரம்பிக்கும். தூக்கினார்கள், சரி. தூக்கி எங்கே வைத்தார்கள்? அதை அவர் தெரிந்துகொண்டாக வேண்டும். எனக்கு எப்படித் தெரியும்? ஆரம்பத்தில் எனக்கு மகா எரிச்சலாக இருந்தது.

நியூ ஜெர்சியில், எடிசனில் எங்களுக்கு எதிர் அபார்ட்மெண்ட் அவர்கள். அவர், ஆண்ட்டி, ஒரே பெண். மூவரும் கோயமுத்தூர்க்காரர்கள். பெண் மட்டும் சின்ன வயதிலேயே வந்துவிட்டதால் தமிழில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆண்ட்டிக்குத் தெரியும், ஆனால் பனி விழுந்தால் சாவியைத் தொடமாட்டார். அவரைப் போலவே எனக்கும் நியூயார்க் மன்ஹாட்டனில்தான் வேலை. அதனால் காலையில் ரயில் ஸ்டேஷன் வரை அவர் என் காரில் வருவது என்று ஆயிற்று.

ஏறியதும் முதல் வேலையாக சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளுவார். பின்னால் வைத்திருக்கும் என் சாப்பாட்டுப் பை நசுங்கும். இடது காலை நீட்டி வைத்துக்கொண்டு, "குளிருங்கம்மா, முட்டி மடங்க மாட்டேங்குது" என்பார். நானும் நியூ ஜெர்சிக் குளிரைத் திட்டுவேன். ஜூலைக் கோடையிலும் அவர் அப்படித்தான் தள்ளினார். எனக்கு அது உறைக்கவே இல்லை.

அவர் பார்த்த வேலையைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. ஊரில் காலேஜில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், வயது போனபிறகு இங்கே பிஎச்.டி. பண்ண வந்து, ஒரு கன்சல்டிங் கம்பெனியில் சேர்ந்திருந்தார். அப்போது உலகத்தில் பல நாடுகளில் ராணுவ ஜெனரல்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஓட்டுப்போட ஆரம்பித்திருந்தார்கள். புது அரசாங்கம் கடன் கேட்கும். கடன் கொடுக்கிறவர்கள் நிபந்தனை போடுவார்கள்: டெலிபோனை வில், கரண்டை வில், அரசாங்கச் சம்பளத்தில் இருக்கிற ஆட்களைக் குறை. குறைப்பது எப்படி என்று எழுதிக்கொடுக்கத்தான் இவருடைய கம்பெனி. அதில் போலீஸும் ராணுவமும் இவர் பங்கு. "ஆக மொத்தம், ஆளைத் தூக்கற வேலை" என்று நான் ஒருநாள் சொன்னபோது, கோபித்துக்கொள்ளாமல் யோசித்துப் பார்த்து, "ஆமாங்க, அப்படித்தான்" என்றார்.

அவர் அடிக்கடி போய்வந்தது மத்திய அமெரிக்காவில் ஒரு சின்ன நாடு. பெயர் சொல்லியிருக்கிறார்தான். ஆனால் எங்கள் எல்லாருக்கும் அது 'அந்த ஊர்'. அந்த ஊரிலிருந்து காப்பித்தூள் கொண்டுவருவார். உலகத்திலேயே உசத்தியான காப்பி என்பார். ஆண்ட்டி அதில் ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடையில் வாங்கிய சிக்கரியைக் கலந்து ஃபில்டரில் போட்டு நமக்குத் தெரிந்த காப்பியாக்கிவிடுவார்.

அங்கே ரொட்டிக்கடை வாசலில்கூடத் துப்பாக்கியோடு காவலாளி நிற்பான் என்று சொன்னார். ரொட்டிக்கடை, மருந்துக்கடை, ஐஸ்க்ரீம் கடை, எல்லா வாசலிலும். யாராவது ஐஸ்க்ரீமைத் திருடுவார்களா என்று நான் சிரித்தேன்.

"நானும் அப்படித்தாங்க நினைச்சேன். அப்புறம் ரொட்டிக்கடைக் காவலாளிகிட்ட நின்னு பேசுனேன். இதுக்கு முன்னால எங்கே வேலை பார்த்தீங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"பட்டாளத்துலன்னான். எதிர்த்த மருந்துக்கடை ஆளைக் காட்டி, அவர்தான் எனக்கு மேலதிகாரின்னான். இப்பவுமான்னு கேட்டேன். இப்பவுந்தான்னான்."

இந்தக் கேள்வியை அவர் இடம் பொருள் பார்க்காமல் கேட்டுவைப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் நண்பர் வீட்டில் ஆளுக்கொரு பண்டம் சமைத்துக் கொண்டுபோய்ச் சாப்பிடுகிற கூட்டம். நண்பர் பெங்களூரில் ஃபிளாட் வாங்கிய புதிது. தாங்கமுடியாத பெருமை.

"சுத்தி காம்பவுண்டு அங்கிள். கேட்ல இருபத்திநாலு மணி நேரமும் செக்யூரிட்டி. எல்லாம் எக்ஸ்-மிலிட்டரி. நம்மளைக் கேக்காம ஒரு ஈ உள்ள வர முடியாது."

"அதுக்கு முன்னால அங்கே என்னங்க இருந்துச்சு?"

"முன்னாடியா? சும்மா வயக்காடு."

"வயக்காட்டுல இருந்தவங்க இப்ப எங்கே வேலை பாக்கறாங்க?"

நண்பருக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது. "அது ஒரு வசதி அங்கிள். நம்ம ஃபிளாட்லயே வீட்டு வேலைக்கு வராங்க. கேட்ல பையை செக் பண்ணித்தான் விடுவாங்க, பயமே இல்ல."

அவர் "அப்படீங்களா" என்று சொல்லிவிட்டு வடையைச் சட்னியில் தோய்த்தார். சுற்றி இருந்த சிலர் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். நண்பருக்குக் கடைசிவரை ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர், "இந்த மனுஷனை இனிமே கூப்பிடாதே, சோறு இறங்க மாட்டேங்குது" என்றார்.

தொண்ணூற்றெட்டில் அந்த ஊரிலிருந்து திரும்பி வந்தவர் சில நாள் காரில் வாயே திறக்கவில்லை. நானாகத்தான் தோண்டித் துருவினேன்.

அங்கே அவருக்குக் கார் ஓட்டியவர் முன்பு பள்ளிக்கூட வாத்தியார். ஜெனரல்கள் காலத்தில் ரகசியப் போலீஸ் வந்து அவருடைய தம்பியைக் கூட்டிப்போனது. தம்பி திரும்பவில்லை. வாத்தியாரையும் கூட்டிப்போய்ச் சில வாரம் வைத்திருந்து வெளியே விட்டார்கள். இந்தத் தடவை அங்கிளும் வாத்தியாருமாக டெலிபோன் கம்பெனிக்குப் போயிருக்கிறார்கள். அரசாங்கம் புதிதாக விற்ற கம்பெனி, வாசலில் தனியார் காவல். காவலாளி கையைக் காட்டினான். கார் நின்றது. வாத்தியார் இறங்கினார். இறங்கியவர் யாரும் கேட்காமலேயே காரைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையையும் கார் கூரைமேல் வைத்து, காலை அகட்டி நின்றாராம்.

"காவலாளி சிரிச்சாங்கம்மா. ரொம்ப மரியாதையாத்தான் பேசுனான். 'வாத்தியாரே, டிக்கியைத் திறந்தாப் போதும்'னான்." ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "வாத்தியார்னு அவனுக்கு யாருங்க சொன்னது?"



அப்புறம் அவர் விசாரித்திருக்கிறார். ரகசியப் போலீஸைப் புது அரசாங்கம் கலைத்தபோது உலகமே கைதட்டியது. செலவைக் குறைக்கவேண்டும் என்று சாதாரணப் போலீஸையும் குறைத்தார்கள். திருட்டு பெருகிற்று. காசுள்ளவர்கள் காவலுக்கு ஆள் தேடினார்கள். கலைக்கப்பட்டவர்கள் கம்பெனி ஆரம்பித்தார்கள். கடைசியில் அரசாங்கமே தன் ஆபீஸ் வாசல்களுக்கு அவர்களைத்தான் வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. "குறைக்கச் சொல்லி முதல் ரிப்போர்ட் எழுதினதே நான்தானுங்கம்மா" என்றார்.

இதையெல்லாம் இரண்டாவது ரிப்போர்ட்டில் ஒரு அத்தியாயமாக எழுதிவிட்டார். கம்பெனியில் யாரும் கத்தவில்லை. மேலதிகாரி காப்பி வாங்கிக்கொடுத்து, அருமையாக எழுதியிருக்கிறாய், ஆனால் நம்மிடம் கேட்டது இது இல்லையே, எடுத்துவிடேன் என்றார். எடுக்காவிட்டால் அடுத்த புராஜெக்ட்டில் இவருக்கு இடம் இருக்காது என்பதையும் அதே பிரியத்தோடு சொன்னார்.

நியூ ஜெர்சித் தமிழர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. இங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டுக்கு அந்தக் கம்பெனி வழியாகத்தான் அவர் விண்ணப்பம் போட்டிருந்தார். கடைசிக் கட்டம். வேலை போனால் கார்டும் போகும். அதைவிடப் பெரிய இடி, பெண்ணுக்கு வயது இருபது. இருபத்தொன்று முடிவதற்குள் கார்டு வராவிட்டால் பிள்ளை அப்பாவின் விண்ணப்பத்திலிருந்து விழுந்துவிடும். பிறகு அவள் யாரோ, அவர் யாரோ. எங்கள் எல்லார் வீட்டிலும் பிள்ளைகளின் பிறந்தநாளை வக்கீல்கள்தான் அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் ஆண்ட்டி வந்தார். இரவல் வாங்கிப்போன குக்கர் வெயிட்டைத் திருப்பித் தருகிற சாக்கு.

"கண்ணு, தெனமும் உங்கூடத்தான வர்றாரு. நீ ஒரு வார்த்தை சொல்லு சாமி. நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்கறாரு."

"ஒரு சாப்டர்தானே ஆண்ட்டி, ஏன் இவ்வளவு பிடிவாதம்?"

ஆண்ட்டி குக்கர் வெயிட்டை உருட்டிக்கொண்டே சொன்னார்.

"எமர்ஜென்சியில ஒரு இன்ஸ்பெக்டர் வந்து கூட்டிட்டுப் போனான் கண்ணு. வாத்தியார் சங்கத்துக்கு நோட்டீஸ் எழுதிக் குடுத்தாருன்னு. எங்களுக்கு அப்ப நிச்சயம் மட்டுந்தான் ஆயிருந்துச்சு. திரும்பி வந்தப்ப அந்தக் காலு அப்படித்தான் இருந்துச்சு. குளிரு கிளிருன்னு உங்கிட்டச் சொல்லியிருப்பாரு."

ஜூலையிலும் அவர் சீட்டைத் தள்ளியது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எல்லாம் முடிஞ்சு ஆட்சி மாறுச்சு. எங்களுக்குக் கல்யாணமும் ஆச்சு. காலேஜ் பசங்களைக் கூட்டிக்கிட்டு ஒரு மில்லு பாக்கப் போனாரு. கேட்டுல செக்யூரிட்டி ஆபீசர்னு ஒருத்தன், வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட்டு. அந்த இன்ஸ்பெக்டரேதான். 'வாங்க சார், நல்லா இருக்கீங்களா?'ன்னு கேட்டிருக்கான். இவரு 'நல்லா இருக்கேன் சார்'னு சொல்லிட்டு, அவன் நீட்டுன புஸ்தகத்துல கையெழுத்துப் போட்டுட்டு உள்ளே போயிருக்காரு. பசங்க முன்னால வேற என்ன சொல்லுவாரு? வீட்டுக்கு வந்து சோத்துத் தட்டு முன்னால உக்காந்தாரு. ஒரு வாய் வெக்கல. நல்லா இருக்கேன்னு சொல்லிட்டேனே, சொல்லிட்டேனேன்னு அதையே சொல்லிட்டிருந்தாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் ஆண்ட்டிக்குக் கோபம் வந்தது. "அவருக்கு நடந்தது அநியாயந்தான். நான் இல்லைங்கல. அதுக்கு எம் பொண்ணைக் கொண்டுபோய்ப் பணயம் வெக்கறது என்ன நாயம்? நீயே சொல்லு."

ஆண்ட்டி சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை அவர் சீட்டைப் பின்னால் தள்ளியபோது என்னால் அந்தக் காலைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவர் கவனித்துவிட்டார்.

"சொல்லிட்டாளா?"

"சொன்னாங்க அங்கிள்."

"நான் ஒண்ணும் தைரியசாலி இல்லைங்கம்மா. அன்னிக்கி அவன் கேட்டப்ப ஒரு வார்த்தை வரலை. அந்த வாத்தியார் கையைக் கார்மேல வெச்சு நின்னப்ப அதுதான் ஞாபகம் வந்துச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே பழக்கம்."

"நீங்க எழுதினா அந்த ஊர் மாறிடுமா?"

"மாறாதுங்க."

"அப்புறம் எதுக்கு?"

"எப்பவாவது வாத்தியார் படிச்சாருன்னா, நாம பார்த்தது நிசந்தான், இன்னொருத்தனும் பார்த்திருக்கான்னு தெரியுங்க. அவ்வளவுதான்."

"உங்க பொண்ணு அங்கிள்?"

ஸ்டேஷன் வந்துவிட்டது. இறங்கி, காரின் கதவைப் பிடித்துக்கொண்டு காலைச் சரிசெய்தார். "எடுத்துடறேனுங்க" என்றார்.

எடுத்தும்விட்டார். அந்த வெள்ளிக்கிழமை ஆண்ட்டி முந்திரி போட்டு கேசரி கொண்டுவந்தார். என்ன விசேஷம் என்றால் "சும்மாதான் கண்ணு" என்று சிரித்தார். நானும் நிம்மதியாகத்தான் சாப்பிட்டேன்.

ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டார். நான் வேண்டுமென்றே திருடனும் புரட்டனுமாகப் பார்த்துக் கதை சொன்னேன். மாட்டிக்கொண்டான், வேலை போயிற்று என்று முடித்துவிட்டுக் காத்திருந்தேன். "அப்படீங்களா" என்பதோடு சரி. எரிச்சல்பட்ட அந்தக் கேள்விக்காக நான் ஏங்க ஆரம்பித்திருந்தேன்.

அந்த ரிப்போர்ட்டை ஒப்படைக்கிற நாள் வந்தது. அந்த ஊரிலிருந்து ஒரு துணை மந்திரி, கடன் கொடுப்பவர்கள், கம்பெனிப் பெரியவர்கள் எல்லாரும் கூடிய கூட்டம். மறுநாள் காலையில் காரில் ஏறியவர் சீட்டைத் தள்ளவே மறந்துபோய், முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்.

"கூட்டம் நல்லாத்தான் போச்சுங்க. எல்லாரும் பாராட்டுனாங்க. கடைசியா அந்தத் துணை மந்திரி பேசுனாரு. எங்க நாட்டுல இன்னைக்கு ரகசியப் போலீஸ்னு ஒருத்தன்கூட இல்லை, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டோம்னாரு. எல்லாரும் கைதட்டுனாங்க. நானும் தட்டுனேங்கம்மா. தட்டிட்டே இருக்கேன், வாய் கேட்டுடுச்சு."

"என்ன கேட்டீங்க?"

"அதேதான்."

நான் காரை ஒரு டோனட் கடை வாசலில் ஓரங்கட்டிவிட்டேன். பயங்கரமாகச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். எனக்குச் சிரிப்பு அடங்கியபோது அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"அவரு என்ன பதில் சொன்னாரு?"

"சொல்லலீங்க. கதவுகிட்ட அவரோட பாதுகாப்பு ஆள் ஒருத்தன் நின்னுட்டிருந்தான். சட்டுன்னு திரும்பி அவனைப் பார்த்தாரு. ரூம்ல இருந்த அத்தனை பேரும் பார்த்தாங்க."

இந்தத் தடவையும் யாரும் கத்தவில்லை. சில வாரத்தில் கம்பெனி தன் அமைப்பைச் சீர்திருத்தியது. தேசம் தேசமாகப் போய் அவர் எழுதிக்கொடுத்த வார்த்தைகளே அவருடைய வேலைநீக்க உத்தரவில் இருந்தன. வேறு கம்பெனி தேடி, மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம் போட்டு வருவதற்குள் பெண்ணுக்கு வயது தாண்டிவிடும். பெண் படித்துக்கொண்டிருந்த காலேஜிலேயே ஸ்டூடண்ட் விசாவுக்கு மாறினாள். அவரும் ஆண்ட்டியும் அடுத்த வசந்தத்தில் கோயமுத்தூருக்குக் கிளம்பினார்கள். பெற்ற பெண்ணை இங்கே தனியாக விட்டுவிட்டு, பழக்கம் விட்டுப்போன ஊருக்குப் போகிறோம் என்று ஆண்ட்டி என் தோளில் சாய்ந்து அழுதார். கணவரோடு தேவைக்குமேல் பேசுவதை நிறுத்தியிருந்தார். ஏர்போர்ட்டுக்கு நான்தான் கூட்டிப்போனேன். முன்சீட்டில் அவர் காலை நீட்டியிருந்தார். பின்சீட்டில் ஆண்ட்டி மறுபக்கம் நகர்ந்து உட்கார்ந்து, வழிநெடுக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பல மாதம் கழித்து என் கணவர் அந்த சீட்டை முன்னுக்கு இழுத்து வைத்தபோது எனக்கு அவர்மேல் காரணமில்லாமல் கோபம் வந்தது.

இரண்டாயிரத்தொன்று எங்கள் பக்கத்துக்கு நல்ல வருடம் இல்லை. கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்தன. செப்டம்பரில் இரட்டைக் கோபுரம் விழுந்தபிறகு ரயில் ஸ்டேஷனில் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்றார்கள். என் ஆபீஸ் வாசலில் புதிதாக ஒரு காவலாளி கைப்பையைத் திறக்கச் சொன்னான். நான் அவன் கேட்காத ஐடி கார்டையும் எடுத்துக் காட்டினேன். காட்டிவிட்டு லிஃப்டில் நின்றபோது அந்த வாத்தியாரின் ஞாபகம் வந்தது.

நவம்பர் விடுமுறையில் அங்கிளின் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாஸ்டர்ஸ் முடிக்கப்போகிறாள். வேலை கிடைக்கவேண்டும், இல்லையென்றால் பெட்டி கட்டவேண்டும். அந்த வருடம் யாருக்கும் வேலை கிடைக்கவில்லை. ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே ஆங்கிலத்தில் பேசினாள். இரண்டு வருடம் அப்பாமேல் கோபமாக இருந்ததாகச் சொன்னாள். கோடையில் ஊருக்குப் போய்வந்ததைச் சொன்னாள்.

"அப்பா இப்ப எங்கே வேலை பாக்கறாரும்மா?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் அது யாருடைய கேள்வி என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவள் சிரித்தாள்.

அப்பா ஒரு காலேஜில் பகுதிநேரமாகச் சொல்லிக்கொடுக்கிறார் என்றாள். ஒருநாள் அவளை ஆட்டோவில் கூட்டிப்போனாராம். முதலில் ஒரு மில். அதை மூடிப் பல வருடமாகிவிட்டது, கேட்டில் துருப்பிடித்த பூட்டு. அங்கிருந்து ஊருக்குள் ஒரு ஆபீஸ். செக்யூரிட்டி கம்பெனி. ஊரில் பாதி பேங்குக்கும் ஃபிளாட்டுக்கும் அவர்கள்தான் ஆள் அனுப்புகிறார்களாம். உள்ளே சாமி படத்துக்குக் கீழே வெள்ளைச் சட்டை போட்ட ஒரு வயதானவர் உட்கார்ந்திருந்தார். அப்பாவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, எழுந்து, கைகூப்பினார். 'வாங்க சார், நல்லா இருக்கீங்களா?' என்றார்.

"அப்பா என்ன சொன்னார்?"

அதுவரை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாக, அவருடைய குரலிலேயே சொன்னாள்.

"'நல்லா இல்லீங்க சார்.'"

"அப்புறம்?"

அப்புறம் ஒன்றுமில்லையாம். அந்த வயதானவர் நின்றுகொண்டே இருந்தாராம். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலைச் சாய்த்துச் சாய்த்துப் படி இறங்கி வந்துவிட்டாராம். வீட்டுக்கு வந்து அவள்தான் அம்மாவிடம் சொன்னாளாம்.

"அம்மா என்னம்மா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல ஆண்ட்டி" என்றாள், மறுபடி தமிழில். "தட்டு வெச்சு சோறு போட்டாங்க. அப்பா சாப்பிட்டாரு."